ஐந்தாம் ஃபாரம்

ஜனவரி 3, புதன்

ஃபரீதா புது டைரி கொடுத்தார். "சார், போன வருஷ டைரியப் பாத்தேன். வருஷம் பூரா வெயில் எத்தனை டிகிரின்னு எழுதி வச்சிருக்கீங்க. இந்த வருஷமாவது மனுஷங்களப் பத்தி எழுதுங்க" என்றார்.

இன்று 30 டிகிரி.

மனிதர்கள். மரவட்டை பதிப்பகம் உறையூரில் ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருக்கிறது. நடத்துபவர் ஃபரீதா. கல்லூரியில் தமிழ் எடுத்தவர், வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கினார். மெய்ப்புப் பார்ப்பதும் தகவல் சரிபார்ப்பதும் நான், சம்பந்தம். முப்பத்தாறு வருஷம் செய்தித்தாள் நிருபராக இருந்துவிட்டு இங்கே வந்து நான்கு வருஷமாகிறது.

வருஷத்துக்கு மூன்று புத்தகம் என்பது ஃபரீதாவின் விதி. ஒரு நாவல், ஒரு தன்வரலாறு, ஒரு ஆன்மீகம். இந்த வருஷ நாவலுக்குக் கடைசி அத்தியாயம் வரவில்லை. நாளை தருவதாக நாவலாசிரியர் சொன்னார்.

ஆன்மீகம், நாதன் ஐயாவுடையது. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முசிறி ரோட்டில் தியானக்கூடம் நடத்துகிறார். புத்தகத்தின் பெயர் 'மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே'. நேற்று முதல் நாற்பத்தெட்டு நாள் மௌன விரதம் இருக்கிறார். பிப்ரவரி 18 அன்று முடிகிறது. அதுவரை சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

தன்வரலாறு, பவுலின் சிஸ்டருடையது. முசிறி அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் பிரசவ வார்டு நர்ஸ். வயது அறுபத்தொன்று. புத்தகத்தின் பெயர் 'தலை தெரியுது'. பதினோராயிரம் பிரசவம் பார்த்ததாக எழுதியிருக்கிறார். எண்ணிக்கைக்கு ஆதாரம் கேட்டேன். "ஊருக்குள்ள போய் எண்ணிப் பாருங்க சார்" என்றார்.

பிப்ரவரி 27 அன்று மெல்போர்னில் இருக்கும் மகனிடம் போகிறார். ஒரு வழி டிக்கெட். இனி அங்கேதான். அதற்குள் புத்தகம் கையில் வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. இதில் எனக்குக் கருத்து ஒன்றும் இல்லை. தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 6, சனி

பவுலின் சிஸ்டர் 11.10க்கு வந்தார். கிறிஸ்துமஸுக்குச் செய்த கல்கல் பலகாரம் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். ஐந்தாம் அத்தியாயத்தை எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தோம்.

அந்த அத்தியாயத்தின் பின்பாதி ஒரு பஸ்ஸில் நடக்கிறது. 1989 அக்டோபர் 12, வியாழக்கிழமை. பயிற்சி வகுப்புக்காக முசிறியிலிருந்து திருச்சிக்கு வருகிறார். அலமேலு டிரான்ஸ்போர்ட் பஸ். குணசீலம் தாண்டியதும் பின்சீட்டில் ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கிறது. கண்டக்டர் விசில் ஊதி நிறுத்துகிறார். ஆண்கள் எல்லாரும் இறங்கி ரோட்டோரம் திரும்பி நிற்கிறார்கள். பெண் குழந்தை. உடனே அழவில்லை. டிக்கெட் பையில் இருந்த நூலை எடுத்துத்தான் கண்டக்டர் தொப்புள் கொடி கட்டக் கொடுத்தார்.

"9.40க்குப் பிறந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரியும்?"

"கையில வாட்ச் இருந்துச்சு சார்."

"அந்த நேரத்துல வாட்சைப் பாத்தீங்களா?"

"மொதல்ல பாக்கறதே அதத்தான். ஆணா பொண்ணான்னு அப்புறம்தான் பாப்போம்."

"வாட்ச் சரியா ஓடிச்சா?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க வீட்டம்மா எப்படி சார் உங்களோட குடித்தனம் பண்ணாங்க?"

"அவங்க வாட்ச் கட்ட மாட்டாங்க" என்றேன்.

சிரித்தார். என் மனைவி போய் ஒன்பது வருஷமாகிறது. அவளை வைத்து இந்த அறையில் ஒருவர் சிரித்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அது தப்பாகப் படவில்லை.

"அந்தக் குழந்தை என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அடுத்த பக்கம் படிங்க."

படித்தேன். பஸ் நேராகத் திருச்சியில் ஆஸ்பத்திரி வாசலுக்கே போனது. தாயையும் குழந்தையையும் ஒப்படைத்துவிட்டு இவர் வகுப்புக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது படுக்கை காலி. வீட்டுக்குப் போனார்களா என்று கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில், கேட்காமலே திரும்பிவிட்டார். அப்போது வயது இருபத்தாறு.

"அதுக்குத்தான் சார் இந்தப் புத்தகமே" என்றார். "நான் போறதுக்குள்ள யாராவது படிச்சுட்டு, 'சிஸ்டர், அந்தப் புள்ள இன்ன இடத்துல இருக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லிட மாட்டாங்களா?"

கல்கல்லில் ஏலக்காய் சற்றுத் தூக்கல். டப்பாவைத் திருப்பித் தர வேண்டும்.

ஜனவரி 9, செவ்வாய்

ஒரு தாளில் அச்சாகி மடிக்கப்படும் பதினாறு பக்கங்களுக்கு ஃபாரம் என்று பெயர். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் கீழே இடது ஓரத்தில் பொடி எழுத்தில் புத்தகத்தின் சுருக்கப் பெயரும் ஃபாரம் எண்ணும் போடுவோம். 'தலை - 5' என்பதுபோல. பைண்டிங்கில் அடுக்குகிறவர்களுக்கு அது அடையாளம். படிக்கிறவர்கள் கவனிக்க மாட்டார்கள்.

பவுலின் சிஸ்டர் கவனித்தார். "என்ன சார் இது, கைதிக்கு நம்பர் போட்ட மாதிரி?"

விளக்கினேன்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

குறி நீக்கப்பட்டது.

ஜனவரி 10, புதன்

சீராக இருக்கட்டும் என்று நாதன் ஐயா புத்தகத்திலும் குறி நீக்கப்பட்டது. இரண்டு புத்தகமும் ஒரே அளவு, ஒரே தாள், ஒரே எழுத்துரு. பக்க எண் இருக்கிறது. அது போதும். அச்சுக்குப் போயின.

நாவலின் கடைசி அத்தியாயம் நாளை.

ஜனவரி 12, வெள்ளி

பைண்டர் வாசகம் போன் செய்தார். இரண்டு நிமிடம் பேசினோம். பொங்கல் வாழ்த்து சொன்னார். முக்கியமாக ஒன்றும் இல்லை.

ஜனவரி 20, சனி

புத்தகங்கள் வந்துவிட்டன. இரண்டிலும் முந்நூறு பிரதிகள். படிக்கட்டில் தூக்கிக்கொண்டு வரும்போதே புது மை வாசனை கீழே தையல் கடை வரைக்கும் போயிற்று. தையற்காரர் மேலே வந்து ஒரு பிரதியைக் கையில் எடுத்து, அளவெடுப்பவர்போலத் தடவிப் பார்த்தார்.

பவுலின் சிஸ்டர் 4.20க்கு வந்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, முதுகைத் தட்டினார்.

"என்ன பண்றீங்க?" என்றார் ஃபரீதா.

"பழக்க தோஷம்மா. அழுவுதான்னு பாக்கறேன்."

ஃபரீதா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவர் அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது பிரதி எடுத்துப்போனார். இங்கே வைத்துக்கொண்ட சில பிரதிகள் போக, நாதன் ஐயாவுடையவை எல்லாம் வேனில் ஏறின. நாளை ஞாயிறு, கூடத்துக்கு வருகிற எல்லாருக்கும் கொடுக்கப்போகிறாராம்.

நான் ஒரு பிரதியும் திறக்கவில்லை. வாசனை பார்த்ததோடு சரி.

ஜனவரி 22, திங்கள்

காலை 8.05க்கு பவுலின் சிஸ்டரிடமிருந்து போன்.

"சார், என் லேபர் வார்டுக்குள்ள ஒரு சாமியார் பூந்துட்டாரு."

புரியவில்லை.

"அறுபத்தி நாலாம் பக்கம் எடுங்க. டாக்டரம்மா புள்ளத்தாச்சியப் பாத்துக் கத்தறாங்க. என்ன கத்தறாங்கன்னு அடுத்த பக்கத்துல பாருங்க."

எடுத்தேன். 64ஆம் பக்கம் 'டாக்டரம்மா அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினார்' என்று முடிகிறது. 65ஆம் பக்கம் 'ஓசை அடங்கும் இடத்தில்தான் நீ இருக்கிறாய்' என்று தொடங்குகிறது.

அங்கிருந்து 80ஆம் பக்கம் வரை நாதன் ஐயா.

நாதன் ஐயாவின் புத்தகத்தை எடுத்தேன். 64ஆம் பக்கம்: 'மூச்சை உள்ளே இழுத்து, சற்றே நிறுத்தி, பிறகு மெல்ல'. 65ஆம் பக்கம்: 'முக்கு தாயி, முக்கு! தலை தெரியுது!'

எல்லாப் பிரதியும் அப்படித்தான். ஐந்தாம் ஃபாரம் மட்டும் இரண்டு புத்தகத்துக்கும் இடம் மாறிவிட்டது. பஸ்ஸில் பிறந்த குழந்தை முழுவதுமாக நாதன் ஐயாவிடம் போய்விட்டது.

பவுலின் சிஸ்டர் போனில் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "அந்தப் பக்கமா சார் போகணும்?" என்றார். அந்தக் குரல் வேறு.

இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கிறது.

ஜனவரி 23, செவ்வாய்

நாதன் ஐயா சிலேட்டோடு வந்தார். மாடி ஏறிய வேகத்தில் மூச்சு வாங்கியது. நாற்காலி போட்டோம், உட்காரவில்லை.

சிலேட்டில் எழுதினார்: 'என்ன இது?'

"மன்னிச்சுக்கங்க ஐயா" என்றார் ஃபரீதா.

அழித்துவிட்டு எழுதினார்: 'ஞாயிறன்று கூடத்தில் சத்தமாக வாசித்தார்கள். 65ஆம் பக்கம் வரும்போது நூற்றெண்பது பேர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.'

அழித்தார். 'எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.'

ஃபரீதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் இன்னும் வேகமாக எழுதியதில் பல்பம் உடைந்து ஒரு துண்டு மேஜைக்கு அடியில் ஓடியது. கோபத்தின் நடுவே மூன்று பேரும் குனிந்து பல்பம் தேடினோம். அகப்பட்டது. ஆனால் என்ன எழுத வந்தார் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"வாசிச்சவங்க நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டேன்.

தயங்கினார். பிறகு சின்ன எழுத்தில்: 'இல்லை. 80 வரைக்கும் போனார்கள்.'

ஜனவரி 24, புதன்

வாசகம் வந்தார். முப்பது வருஷமாகப் புத்தகம் கட்டுகிறவர்.

"ரெண்டு புத்தகத்துக்கும் அஞ்சாம் ஃபாரம் ஒரே நாள்ல அச்சாகி வந்துச்சு. ரெண்டு கட்டு. ரெண்டுலயும் 65லேர்ந்து 80. ஒரே தாளு, ஒரே எழுத்து. கீழ குறி இல்ல. அடுக்கற பொண்ணுங்க எதப் பாத்து அடுக்கும்?"

"குறி இல்லன்னு சொல்ல வேண்டாமாண்ணே?" என்றார் ஃபரீதா.

"சொன்னேனே! பொங்கலுக்கு முன்னாடி சம்பந்தம் சாருக்குப் போன் பண்ணினேன். 'பக்க எண் இருக்குல்ல, அது போதும்'னாரு."

ஜனவரி 12ஆம் தேதிக் குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன். வாசகம் பொங்கல் வாழ்த்தும் சொன்னார்.

ஃபரீதா என் பக்கம் திரும்பினார். "குறிய ஏன் சார் எடுத்தீங்க?"

"பக்கம் அழகா இருக்கட்டும்னு."

"நாலு வருஷமா நீங்க அழகுங்கற வார்த்தைய சொல்லி நான் கேட்டதில்ல."

நான் பேனாவுக்கு மூடி போட்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம்.

முடிவு: தலை தெரியுது புத்தகத்துக்கு ஐந்தாம் ஃபாரத்தை மட்டும் மறுபடி அச்சடித்து, பிரித்துக் கட்டுவது. பதினாறு நாளில் முடித்துத் தருவதாக வாசகம் சொன்னார். நாதன் ஐயாவின் பிரதிகளைக் கூடத்துக்குப் போய் வாங்கி வர வேண்டும்.

ஜனவரி 28, ஞாயிறு

ஃபரீதாவும் நானும் காலை 9.15க்குத் தியானக்கூடம் சேர்ந்தோம். தகரக் கொட்டகை, சுற்றிலும் வாழை. பெண்கள்தான் அதிகம். நாதன் ஐயா மேடையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

ஃபரீதா எழுந்து, தவறு எங்களுடையது, புத்தகத்தைத் தந்தால் சரிசெய்து கொடுப்போம் என்றார். ஒருவரும் அசையவில்லை.

"எதுக்கும்மா சரிசெய்யணும்?" என்றார் முன்வரிசையில் ஒரு பெண். "நல்லாத்தான இருக்கு."

"அது வேற புத்தகத்தோட பக்கம்மா."

"தெரியும். அந்த சிஸ்டர் கையிலதான் நானும் பொறந்தேன், எம் மூணும் பொறந்துச்சு. என்னையத் தொடையிலயே ஒண்ணு வச்சாங்க, மூச்ச வீணாக்காதன்னு. மூச்சப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா?"

நாதன் ஐயா சிலேட்டைப் பார்த்தபடி இருந்தார்.

பின்னாலிருந்து இன்னொரு பெண் எழுந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். புத்தகத்தில் விரலை வைத்திருந்தார்.

"எண்பதாம் பக்கத்துல பாதில நிக்குது சார். 'குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய நான்'னு இருக்கு. அப்புறம் என்ன? மிச்சத்தக் குடுங்க."

"நீங்க யாரும்மா?" என்று கேட்டேன்.

"பேரு அலமேலு. வாத்தலைல பூச்செடி நர்சரி வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துல என்னய 'பஸ்ஸு அலமேலு'ன்னுதான் கூப்பிடுவாங்க. நான் பஸ்லதான் பொறந்தேன். அந்த பஸ் கம்பெனி பேரத்தான் வச்சாங்க."

நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பிறந்த தேதி கேட்டேன். அக்டோபர் 12, 1989. எந்த இடம் என்று கேட்டேன். குணசீலம் தாண்டி. கொடி கட்டியது எதனால்?

"டிக்கெட் பை நூலு. அம்மா இன்னிக்கும் சொல்லும்."

மூன்று கேள்வி, மூன்று பதில். ஒரு செய்திக்கு அது போதும். மூன்றையும் மறுபடி ஒருமுறை கேட்டேன்.

ஒரு பிரதியும் திரும்பி வரவில்லை.

ஜனவரி 29, திங்கள்

பவுலின் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். புத்தூர், இரண்டாவது மாடி. பாதி சாமான் அட்டைப் பெட்டிகளில் இருந்தது. கல்கல் டப்பாவைக் கொடுத்தேன்.

தகவலை வரிசையாகச் சொல்ல நினைத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இடம், தேதி, சாட்சி. தாளைப் பிரிக்கும் முன்பே, "பொழச்சிருச்சு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். எந்தக் குழந்தை என்று அவர் கேட்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"எப்படி இருக்கா?"

"உயரமா இருக்காங்க. குரல் சத்தம்."

"சத்தமா!" என்றார். "அன்னிக்கு அழ மாட்டேன்னு என்ன பாடு படுத்தினா."

காபி போட்டார். இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டார். குடித்தேன்.

பிப்ரவரி 3, சனி

நாதன் ஐயா வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். ஃபரீதா பள்ளிக்கூடத்துக்கு மகளைக் கூப்பிடப் போயிருந்ததால் நாங்கள் இருவர் மட்டும்.

சிலேட்டில்: 'என் புத்தகத்தைப் பிரிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.'

"நல்லது ஐயா."

'ஒரு விஷயம். என்னுடைய பதினாறு பக்கம் காணவில்லையே. அதை யாராவது கேட்டார்களா?'

"இல்லைங்க ஐயா."

அழித்தார். 'ஒருத்தர் கூடவா?'

நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. இல்லை என்றேன். அவர் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கியது. சத்தமே வராமல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு மௌனத்தில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிரித்துக் கட்டும்போது வெளியே வரும் அவருடைய ஃபாரங்களை வாசகம் தனித்தனிச் சிறு புத்தகமாகத் தைத்துத் தருவார் என்றேன். முகம் தெளிந்தது. 'அட்டை நீல நிறத்தில்' என்று எழுதிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 9, வெள்ளி

முதல் ஐம்பது பிரதி கட்டி வந்தது. ஒவ்வொன்றிலும் 64, 65, 80, 81 நான்கு பக்கத்தையும் நானே பார்த்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மெல்போர்னுக்கு முப்பது கிலோதான் கொண்டுபோகலாமாம். அம்மியை விட்டுவிட்டுப் போவதாக பவுலின் சொன்னார்.

நாவலின் கடைசி அத்தியாயம் நாளை.

பிப்ரவரி 18, ஞாயிறு

நாதன் ஐயாவின் விரதம் காலை 11 மணிக்கு முடிவதாக இருந்தது. நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு அவர் பேசப்போகும் முதல் வார்த்தையைக் கேட்கக் கொட்டகைக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். பதிவு செய்ய ஒருவர் போனை நீட்டிப் பிடித்திருந்தார்.

நாங்கள் 10.45க்குச் சேர்ந்தோம். பவுலின் நீலப் புடவை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது அலமேலு எதிரே நின்றார். யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. பவுலின் அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நகங்களைப் பார்த்தார்.

"நீலமா இருந்துச்சு" என்றார். "அன்னிக்கு இந்த நகமெல்லாம் நீலமா இருந்துச்சு."

"இப்ப மண்ணுதான் சிஸ்டர் இருக்கு" என்றார் அலமேலு. "செடி வேல."

பவுலின் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் கையை நீட்டினேன். அதற்குள் மேடையிலிருந்து ஒரு குரல், மின்வாரியத்தில் லைன்மேனைக் கூப்பிட்டுப் பழகிய குரல், கொட்டகை அதிர வந்தது.

"அட, சிஸ்டருக்கு மொதல்ல ஒரு சேர் போடுங்கப்பா!"

மணி 10.52. விரதம் முடிய எட்டு நிமிடம் இருந்தது. நாதன் ஐயா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "போகட்டும், டீயும் கொண்டுவாங்க" என்றார்.

அலமேலு கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்னத் தாளை எடுத்தார். பழைய பஸ் டிக்கெட்.

"அம்மாவுக்கு முட்டி வலி, வர முடியல. இதக் குடுத்து விட்டுச்சு. கண்டக்டர் எனக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சாராம். வண்டில இருக்கற எல்லாரும் டிக்கெட் எடுக்கணும்னு. பின்னாடி அவரே எழுதிக் குடுத்திருக்காரு."

பின்பக்கம் பேனாவில்: '12.10.89, காலை 9.25, பெண்.'

நான் டிக்கெட்டைப் பார்த்தேன். பவுலினைப் பார்த்தேன்.

"சொல்லாதீங்க சார்" என்றார் பவுலின்.

"9.40ன்னு அச்சடிச்சிருக்கோம். பஸ்காரங்க நேரம் தப்பாது."

"அப்ப என் வாட்சு பதினஞ்சு நிமிஷம் ஃபாஸ்டா?" தன் மணிக்கட்டைப் பார்த்தார். அதே வாட்ச். "ஐயோ, வார்டுல கடிகாரம் நிக்கற போதெல்லாம் இதப் பாத்துத்தானே குழந்தைங்களுக்கு நேரம் எழுதினேன்! எத்தன பேரு ஜாதகம்!"

முன்வரிசைப் பெண் எழுந்தே விட்டார். "அதான பாத்தேன்! பத்துப் பொருத்தமும் இருக்குன்னு சொல்லித்தான் இந்த மனுஷனக் கட்டி வச்சாங்க!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அந்த மனுஷனும் பின்னால் நின்று சிரித்தார். தியானம் நடக்கவில்லை. டீ மூன்று சுற்று வந்தது. பெண்கள் வரிசையாக பவுலினிடம் வந்து பிள்ளைகளின் பெயரைச் சொன்னார்கள். கொண்டுபோன ஐம்பது பிரதியும் தீர்ந்தன. நீல அட்டைப் புத்தகம் பதினொன்று போயிற்று. நாதன் ஐயா அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

அலமேலு போகும்போது பவுலினுக்கு ஒரு செம்பருத்திச் செடி கொடுத்தார். "நான் ஊருக்குப் போறேனேம்மா" என்றார் பவுலின். "அப்ப வந்து வாங்கிக்கங்க. தண்ணி ஊத்தி வைக்கறேன்" என்று அலமேலு செடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

காரில் திரும்பும்போது டோல்கேட்டில் பவுலின், "வந்து வாங்கிக்கங்கன்னு சொல்றா பாருங்க" என்றார்.

பிப்ரவரி 21, புதன்

பவுலின் 3.30க்கு வந்தார். ஃபரீதா கீழே தையல் கடையில் ஏதோ வேலை என்று போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

நான் சொல்லிவிட்டேன். "ஃபாரம் மாறினதுக்குக் காரணம் வாசகம் இல்ல. குறிய எடுத்தது நான்."

"தெரியும். வாசகம் அண்ணன் சொன்னாரு. நான் 'இருந்துட்டுப் போகட்டும்'னுதான சொன்னேன்?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"அதச் சொல்லும்போது உங்க முகம் சரியா இல்ல."

மின்விசிறி சத்தம் கேட்டது.

"மந்திரி சொல்லி ஒரு கமாவக்கூட எடுக்காத ஆளுன்னு ஃபரீதா சொன்னாளே" என்றார்.

"ரெண்டு மந்திரி" என்றேன்.

புத்தகத்தைத் திறந்தார். "'என்ன ஆனதென்று தெரியவில்லை'ன்னு இதுல நெறைய இடத்துல எழுதியிருக்கேன் சார். நேத்து உக்காந்து எண்ணினேன். பத்தொன்பது."

"இருபத்தொண்ணு."

"எண்ணினீங்களா?"

"ஜனவரி 6 அன்னிக்கே."

"அலமேலு போக இருபது பேரு. யாரு தேடறது? முப்பத்தாறு வருஷம் நிருபர்னு சொல்லிக்கறீங்க." புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பையன்கிட்ட பேசிட்டேன். மொதல்ல கோவிச்சுக்கிட்டான். அப்புறம் அவனே போட்டுட்டான்."

திரும்பி வருகிற டிக்கெட். மே 15, புதன்கிழமை. திருச்சிக்கு வந்து சேரும் நேரம் இரவு 10.35.

ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்தேன். தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துகிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

விமான நிலையத்துக்கு ஃபரீதாவும் நானும் போனோம். பவுலின் பெட்டியில் 'தலை தெரியுது' பத்துப் பிரதி, நாதன் ஐயாவின் நீல அட்டை ஒன்று. எடை முப்பதைத் தாண்டியதால் ஒரு ஜோடி செருப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு வாட்சைக் கழற்றி அதையும் கொடுத்தார்.

"அங்க வேற நேரமாம். இது உங்ககிட்ட இருக்கட்டும். தினம் காலைல சாவி குடுக்கணும்."

உள்ளே போகும்வரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 28, புதன்

நாவலின் கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. சுமார்.

'தலை தெரியுது' இரண்டாம் அச்சு. 74ஆம் பக்கத்தில் 9.40 என்பதை 9.25 ஆக்கினேன். ஃபாரம் குறிகளை எல்லாம் திரும்பப் போட்டேன்.

இருபது பேரில் முதல் ஆள்: 1994 ஜூன், ஆண் குழந்தை, தகப்பனுக்கு சைக்கிள் கடை, தொட்டியம் பக்கம். நாளைக் காலை 7 மணி பஸ்ஸில் போகிறேன்.

வாட்சுக்குச் சாவி கொடுத்தேன். பதினைந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. சரிசெய்யவில்லை.